கலவை ஊற்றும் சனிக்கிழமை

கலவை ஊற்றிய அன்று கலவைக்குப் பொறுப்பானவள் அங்கே இல்லை. நூலகப் படிக்கட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சிரி என்றார்கள், சிரித்தாள்.

"ஹெல்மெட்டைக் கக்கத்துல வெச்சுக்கம்மா. ஆங், அப்படித்தான். கொஞ்சம் மேலே பாரு. எதிர்காலத்தைப் பாக்குற மாதிரி," என்றான் படம் எடுப்பவன்.

"அந்தப் பக்கம் குப்பைத்தொட்டிதான் இருக்கு," என்றாள் ஒடெஸா.

அவன் சிரித்தான். அவள் உதடும் கொஞ்சம் விரிந்தது. அந்த நொடியைப் பிடித்துக்கொண்டான். பிப்ரவரி மாதத்துக் குளிரில் கோட்டைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். கல்லூரியின் பெயர் போட்ட சட்டை தெரிய வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை, கறுப்பர் வரலாற்று மாதத்துக்காகப் பொறியியல் கல்லூரி நடத்தும் விழா. அதற்குத்தான் இந்தப் படம். ஒடெஸாவுக்கு இது புதிதில்லை. முதலாம் ஆண்டிலிருந்தே அவளைப் படம் எடுத்துத் தீரவில்லை இவர்களுக்கு. கல்லூரி விளம்பரத்தில் அவள் நுண்ணோக்கிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் படிப்பது சிவில். நுண்ணோக்கியை அதற்கு முன்னும் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை. சிவில் துறையின் கறுப்பு மாணவர்களை எண்ண ஒரு கை போதும். அதில் ஒரு விரல் ஈபோ, அவன் கானாவிலிருந்து வந்தவன்.

படப்பிடிப்பு வியாழக்கிழமை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். "சனிக்கிழமை படகு ஊத்துறோம், என்னால வர முடியாது," என்று சொல்லிப் பார்த்தாள். படகுக் குழுவின் ஆசிரியர் டாக்டர் வெண்டலே, "போயிட்டு வா, ஒரு மணி நேரம்தானே, பசங்க பார்த்துக்குவாங்க," என்று அனுப்பி வைத்தார். பசங்க பார்த்துக்கொண்டார்கள்.

கான்கிரீட்டில் படகு செய்து, அதில் ஏறித் துடுப்புப் போடுவது இந்தத் துறைக்காரர்களின் வருடாந்திரப் பைத்தியம். நாடு முழுக்க உள்ள கல்லூரிகள் ஏப்ரலில் ஏதாவதொரு ஏரிக்கரையில் கூடிவிடும். பந்தயத்துக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. படகில் தண்ணீரை நிரப்பி அமுக்குவார்கள். அது தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். இந்த வருடத்துக் கலவை ஒடெஸாவுடையது. இரண்டு வருடமாக, மற்றவர்கள் பீர் குடிக்கப் போன வெள்ளிக்கிழமைகளில் அவள் பிசைந்து பிசைந்து கண்டுபிடித்தது. தண்ணீரைவிட லேசான கான்கிரீட். வெண்டலின் ஆய்வகத்தில் மேற்படிப்புக்கு ஒரே ஓர் இடம், உதவித்தொகையோடு. "ஏப்ரல்ல படகு மேல வரட்டும், இடம் உனக்குத்தான்," என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த இடம் இல்லையென்றால் ஒடெஸாவுக்குக் கிளீவ்லாந்தும், அம்மாவின் வரவேற்பறை சோபாவும், தெருமுனைக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையும் காத்திருந்தன.

அவள் ஆய்வகத்துக்கு ஓடி வந்தபோது கதவிலேயே மறித்து அவள் கண்ணைப் பொத்தினான் கிரேடி. குழுவின் தலைவன். கெட்டவன் இல்லை; அதுதான் கஷ்டம்.

"இரு இரு. இப்ப திற. சர்ப்ரைஸ்!"

அச்சின் மேல் படகு ஈரத்தோடு கிடந்தது. கறுப்பு. மினுமினுக்கிற கறுப்பு. சுற்றி நின்ற எட்டுப் பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"உனக்காகத்தான் டெஸ். விழாவுக்கு. சும்மா மேல பெயின்ட் அடிக்காம, கான்கிரீட்டே கறுப்பு. உள்ளே வெட்டிப் பார்த்தாலும் கறுப்பு. எப்படி?"

"எதைப் போட்டீங்க?"

"சாயப்பொடி."

"எந்தப் பொடி?"

கிரேடி காலிப் பையைத் தூக்கிக் காட்டினான். சுத்தமான கரிப்பொடி.

"அலமாரியில இரும்புக் கறுப்புப் பொடி இருந்துச்சேடா."

"அது போட்டா சாம்பல் மாதிரி வெளுத்துப் போச்சு. உனக்குச் சாம்பலா குடுக்கிறது?"

அவள் கலவையின் உயிரே காற்றுதான். சோப்பு நுரை போல ஒரு திரவத்தைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத குமிழ்களைக் கான்கிரீட்டுக்குள் பிடித்து வைத்திருந்தாள். கரி அந்தத் திரவத்தைக் குடித்துவிடும். ஃபிரிட்ஜில் நாற்றத்தைக் குடிக்கக் கரி வைப்பதில்லையா, அதே குணம். திரவம் போனால் குமிழ் போகும், குமிழ் போனால் படகு வெறும் கல்.

"காத்து அளந்தீங்களா?"

கிரேடி திறக்காத காற்றுமானிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"எப்பவும் நீதானே அளப்ப," என்றான் கிரேடி.

கலவைக்குப் பொறுப்பான ஆள் இல்லாமல் கலவையில் ஒரு சிட்டிகை உப்புக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் சட்டம். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் கிரேடியே கத்திக் கத்திச் சொல்வான். அவளைக் கௌரவிக்கிற விஷயம் என்பதால் அவளைக் கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு.

மூலையில் வாளி கழுவிக்கொண்டிருந்த ஈபோ நிமிராமலே சொன்னான்: "நான் சொன்னேன் சிஸ்டர், போன் போட்டுக் கேளுங்கன்னு. கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்னுட்டாங்க."

புதன்கிழமை, அதே கலவையில் வார்த்திருந்த சோதனை உருளையை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். அவளுடைய பழைய உருளைகள் எல்லாம் வாத்து மாதிரி மிதந்தவை. இது அடியில் போய் டொக்கென்று உட்கார்ந்தது.

கிரேடி வாளிக்குள் எட்டிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "முன்னாடியும் பின்னாடியும் தெர்மாகோல் அடைச்சிடலாம் டெஸ்."

"போட்டி விதி விடுற அளவு ஏற்கெனவே அடைச்சாச்சு. என் பேரு ஒடெஸா. மூணெழுத்து. அதையும் சுருக்காதே."

அவள் நேராக வெண்டலின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பிக்கப் பார்க்கும்போது அவர் செய்கிற வேலை அது.

"கலவை உன் பொறுப்பு, ஒடெஸா."

"என்னைப் போட்டோவுக்கு அனுப்பினது நீங்க, டாக்டர்."

"முடியாதுன்னு நீ சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். நீங்கதான் ஒரு மணி நேரம்தானேன்னீங்க."

"சரி. இப்ப என்ன செய்யலாங்கிற?"

"மறுபடி ஊத்தணும். பொருள் இருக்கு. விழாவுல வைக்கிறதுக்காகப் படகை நாளைக்கே அச்சிலேர்ந்து எடுக்கிறாங்க, அச்சும் காலியாயிடும். ஆனா இந்த சனிக்கிழமை ஊத்தியாகணும். தாண்டினா பந்தயத்துக்குள்ள இறுகாது."

"சனிக்கிழமை விழா."

"தெரியும்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "விழா என் இலாகா இல்லை. ஆய்வகச் சாவி உன்கிட்ட இருக்கு. நீ என்கிட்ட எதுவும் கேக்கலை, நான் எதுவும் சொல்லலை. படகு மேல வந்தா, நான் சொன்ன சொல் சொன்னதுதான்."

இப்படிப் பேசத் தெரிந்தால்தான் பேராசிரியர் ஆகலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

விழாவுக்குப் பொறுப்பானவர் மிஸஸ் டாலிவர். கறுப்புப் பெண்மணி, வயது அறுபதை ஒட்டி. அந்தக் கல்லூரியில் ஒடெஸாவின் பெயரை முழுதாக உச்சரிக்கும் சிலரில் ஒருவர். அவர் அறையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு துணி விரிப்பைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒடெஸா ஹெல்மெட்டோடு எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா வந்திருக்கு பாரு கண்ணு," என்றார். பேச வேண்டியதை எழுதிய தாளை நீட்டினார். "ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் கேடயம். உங்கம்மாவுக்கு முன்வரிசை."

ஒடெஸா தாளைப் படித்தாள். தன் குடும்பத்திலேயே பொறியியலின் வாசலை மிதித்த முதல் ஆள் என்று இருந்தது.

"இது தப்பு, மேடம். எங்க தாத்தா நெடுஞ்சாலைத் தூணுக்குக் கான்கிரீட் கொட்டினவர். அந்த ரோடு எங்க தெரு மேலயேதான் போச்சு. எங்க வீட்டை இடிச்ச ரோட்டுக்கு அவரே கலவை போட்டார். பாரம்பரியம்னா அதைப் போடுங்க."

மிஸஸ் டாலிவர் சிரிக்கவில்லை. "நிதி குடுக்கிறவங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க, கண்ணு."

"அப்ப அவங்க சாப்பிடட்டும். எனக்கு சனிக்கிழமை மத்தியானம் படகு ஊத்தணும். மேடையில வைக்கிற அந்தப் படகு முழுகிடும்."

"ஏப்ரல்லதானே முழுகும்?"

ஒடெஸா அவரையே பார்த்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் மாறியது. வீட்டுக் குரல்.

"இங்க பாருடி. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த விழா ஒரு மேஜை, ஒரு கேக். கேக்கும் நான் சுட்டது. யாரும் வரமாட்டாங்க, நானே மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். இப்ப முந்நூறு பேர் வராங்க. அடுத்த வருஷம் வரப்போற மூணு புள்ளைங்களோட படிப்புச் செலவை அந்த மேடையிலதான் அறிவிக்கப் போறாங்க. நீ இல்லாத நாற்காலியைப் பார்த்துட்டு, 'இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்'னு ஒருத்தன் சொன்னா போதும். எனக்கு மறுபடி மேஜையும் கேக்கும்தான். ஒரு நாள். ஒரே ஒரு நாள் சிரிச்சிட்டுப் போ."

"எனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு, மேடம். அன்னிக்குச் சிரிச்சா அப்புறம் நான் வெறும் படம்தான்."

"நான் என்ன படமா? இந்த நாற்காலியில உக்காந்திருக்கேனே, எத்தனை சிரிப்பு சிரிச்சு உக்காந்திருக்கேன் தெரியுமா?"

ஒடெஸா எழுந்தாள். தாளை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். அந்தம்மா சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கத்திவிட்டு வந்திருக்கலாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஈபோ எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நான் மேடையில உக்காரட்டுமா? நானும் கறுப்புதானே. தூரத்துலேர்ந்து பார்த்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்கப்பா டாக்டர். உங்க வீட்டுல டிரைவர் இருக்கான். அவங்களுக்குச் சோகக் கதை வேணும். நீ லாயக்கில்லடா."

"வேணும்னா சின்ன வயசுல மலேரியா வந்ததைச் சொல்றேன்."

அந்த வாரத்தில் முதல்முறையாக ஒடெஸா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள், "எத்தனை கை கிடைக்கும்?"

"மேடைக்குக் கூப்பிடாத ஆளுங்க நாலு பேர் இருக்கோம். உன்னோட அஞ்சு."

"எட்டுப் பேர் செய்யற வேலை."

"தெரியும் சிஸ்டர். பத்து கை, அவ்வளவுதான்."

அம்மாவிடம் வெள்ளிக்கிழமை போனில் சொல்லப் பார்த்தாள். அம்மா விடவில்லை. அம்மா கிளீவ்லாந்தில் நகரப் பேருந்து ஓட்டுபவள். சனிக்கிழமை ஷிஃப்டை வேறொருத்திக்கு மாற்றிவிட்டுத் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தாள். "சர்ச்சுல எல்லாருக்கும் சொல்லியாச்சு டெஸ்ஸா. வேன்ல வரோம். சிஸ்டர் பெர்னீஸுக்கு இடுப்பு வலி, அவங்களும்கூட வராங்க. முடியை ஒழுங்கா பின்னிக்க. போன தடவை மாதிரி சிமென்ட்டோட வந்து நிக்காதே, மானம் போயிடும்."

"அம்மா, நாளைக்கு நான்..."

"நீ பேச வேணாம், மேடையில பேசு. நான் உன்னை நாலு பேர் முன்னால பார்க்கணும், அவ்வளவுதான்."

சொல்லாமலே போனை வைத்தாள். அது கோழைத்தனம் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம், மேலே விழா அரங்கத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியபோது, கீழே நிலவறை ஆய்வகத்தில் கலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியது. முதல் கலவை வந்ததும் ஒடெஸா காற்றுமானியில் அளந்தாள். முள் ஏறி, அவள் விரும்பிய இடத்தில் நின்றது. ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

"வேகமா. மூக்குலேர்ந்து ஆரம்பி. விரல் கனம்தான், அதுக்கு மேல போனா சுரண்டிடுவேன்."

அச்சின் மேல் கையாலேயே அப்பி, கரணையால் இழுத்து, உள்ளே பலம் தரும் வலையைப் பரப்பி, அதன் மேல் மறுபடி அப்ப வேண்டும். இறுகத் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் விரிசல் விடும். மூன்று பேர் குறைவு என்பது ஒவ்வொரு கைக்கும் தெரிந்தது.

கால்வாசி முடியும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கை முழுக்கக் கலவை. ஈபோ எடுத்து அவள் காதில் வைத்தான்.

"டெஸ்ஸா, எங்கடி இருக்க? உன் படம் இருக்கு, உன்னைக் காணோம்."

"கீழ இருக்கேன்மா. ஆய்வகத்துல. வேலை நடக்குது, நிறுத்த முடியாது."

"என்ன வேலை? இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்மா."

அம்மா வழி கேட்டுக் கீழே இறங்கி வந்தாள். முழங்கால் வலியால் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் முதலில் கேட்டது. ஊதா நிறக் கோட்டு, அதே நிறத்தில் தொப்பி. வாசலிலேயே நின்றாள். தரையெல்லாம் தண்ணீர், சிமென்ட்.

"வணக்கம்மா," என்றான் ஈபோ. அம்மா தலையை ஆட்டினாள், கண் மகள்மேலேயே இருந்தது.

"உனக்கு உடம்பு சரியில்லைன்னு மேல சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"நல்லா இருக்கேன்."

"அது தெரியுது. அந்தக் கறுப்புப் படகை நடுவுல வெச்சிருக்காங்க. அந்தப் பையன் பேசறான், உனக்காகச் செஞ்சோம்னு. எல்லாரும் கை தட்டறாங்க. நான் உன் நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அந்தப் படகு முழுகிடும்மா. இதுதான் மிதக்கும். இது என்னோடது. இது மிதந்தாத்தான் எனக்கு மேல படிக்க இடம்." சொல்லிக்கொண்டே கரணையை இழுத்தாள். நிறுத்த முடியாது.

"இதை நேத்து சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன். நீ விடலை."

"நான் விடலையா? நீ எந்தக் காலத்துலடி நான் விட்டுப் பேசினே?" அம்மாவின் குரல் உடைந்தது. "வேன் நிறைய ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நாலு பேர் முன்னால உன்னைப் பார்க்கணும்னேன். அவ்வளவுதானே கேட்டேன்?"

"இதோ இருக்கேன்மா. பாரு."

அம்மா பார்த்தாள். மகளின் முழங்கை வரை சாம்பல் நிறம். பின்னலில்கூடக் கலவை ஒட்டியிருந்தது. வலையைப் பிடித்துக் குனிந்திருந்த ஈபோவின் முதுகு. மற்ற மூவரும் தலையைத் தூக்காமல் அப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க யாருடி பார்க்கிறாங்க?" என்றாள் மெதுவாக.

ஒடெஸாவின் கரணை ஒரு நொடி நின்றது. அம்மா கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அம்மா கேள்வியாகவே கேட்டாள்.

"அம்மா, கை வேணும். அந்த ஓரத்தை மட்டும் பிடிச்சுக்க. கையுறை கதவுகிட்ட இருக்கு."

அம்மா கையுறைகளைப் பார்த்தாள், தன் கோட்டைப் பார்த்தாள். மேலே ஒலிபெருக்கியில் ஒடெஸாவின் பெயர் கேட்டது. மிஸஸ் டாலிவரின் குரல், முழுப்பெயர், குடும்பப் பெயரோடு. அதற்குப் பிறகு ஓர் அமைதி. முந்நூறு பேர் ஒரு காலி நாற்காலியைப் பார்க்கும் அமைதி.

"யாராவது போய்க் கேடயத்தை வாங்கணும்," என்றாள் அம்மா. தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "இல்லைன்னா, கூப்பிட்டுக் குடுத்தாலும் வாங்க வரமாட்டாங்கன்னு பேசுவாங்க. எனக்குத் தெரியும் இவங்க பேச்சு. என் பஸ்ஸுல தினமும் கேக்கறேன்."

"அம்மா, போகாதே. அது பொய்ப் படகுக்குக் குடுக்கிறது."

"எனக்குப் படகு தெரியாது. உன் பேரைக் கூப்பிடறாங்க."

திரும்பிப் படி ஏறினாள். ஒவ்வொரு படியாக. கையுறைகளைத் தொடவில்லை. கோபித்துக்கொண்டு போகிறாளா, மகளுக்காகப் போகிறாளா என்று அந்த நடையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் ஓட வேண்டும் போலிருந்தது ஒடெஸாவுக்கு. ஓடினால் வலது பக்கம் இறுகிவிடும்.

"நீ போ சிஸ்டர்," என்றான் ஈபோ. "அஞ்சு நிமிஷம். நாங்க பார்த்துக்கறோம்."

பசங்க பார்த்துக்கொள்வார்கள் என்ற சொல்லை இந்த மாதத்தில் அவள் ஒரு தடவை கேட்டாயிற்று. ஈபோ நல்லவன், கவனமானவன். இருந்தாலும் கால் நகரவில்லை.

"வலையை இழுத்துப் பிடி," என்றாள்.

சற்று நேரத்தில் கூரை அதிர்ந்தது. கைதட்டல். எழுந்து நின்று தட்டுகிறார்கள் போல, நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தமும் சேர்ந்து வந்தது. அம்மா இப்போது மேடை ஏறியிருப்பாள். யாராவது கையைப் பிடித்து ஏற்றியிருப்பார்களா? என்ன பேசுவாள்? அம்மா மேடை ஏறி அவள் பார்த்ததே இல்லை. இன்றும் பார்க்கப் போவதில்லை. கைதட்டல் அடங்கி, ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய குரல் கேட்டது. சொற்கள் தெளிவாக இல்லை. கலவை இயந்திரத்தை நிறுத்தினால் ஒருவேளை கேட்டிருக்கும்.

லின் என்ற இரண்டாம் ஆண்டுப் பெண், கையை எடுக்காமலே, இயந்திரத்தின் பொத்தானைக் கண்ணால் காட்டினாள். "நிறுத்தட்டுமா?"

ஒடெஸா படகின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். மூக்குப் பக்கம் ஏற்கெனவே விறைக்கத் தொடங்கியிருந்தது. பின்பாதி இன்னும் வெறும் அச்சாகவே கிடந்தது.

"வேணாம்," என்றாள். "அடுத்த கலவையைப் போடு."